பஜ்ஜிக் கணக்கு தனி!

'தைராய்டா? அது பொம்பளைங்க வியாதியாச்சே!' என்றார் ஆபீஸ் நண்பர். மத்தியானம் மூணு மணிக்கு ஃபைல் மேல் சாயும் ஆம்பளைக்கும் வரும் சுவாமி!

வழக்கமான மாத்திரை கடையில் கிடைக்கவில்லை. வேறு கம்பெனிக்கு மாற்றிய டாக்டர், 'மருந்து அதே லெவோதைராக்ஸின்தான். ஆனாலும் 6 வாரத்துல டி.எஸ்.எச். பார்த்துடணும்' என்றார். பார்த்தோம், டோஸைக் கொஞ்சம் கூட்டினார்.

அசதி ஓடிப்போச்சு. எடை? ஏறியது 12 கிலோ, இறங்கியது 3!

'இன்னும் கூட்டினா இளைக்குமா டாக்டர்?'

'நெஞ்சு படபடக்கும், எலும்பு தேயும். தைராய்டால ஏறுறது பெரும்பாலும் உப்பும் தண்ணியும்தான், நாலஞ்சு கிலோவுக்குள்ள. பாக்கி பஜ்ஜிக் கணக்கு!'

பி.காம். ஆச்சே, புரிந்தது. காபிக்கு அரை மணி முன்னால், வெறும் வயிற்றில் மாத்திரை.

'யானை ஏத்துப்பா' என்று பிள்ளை கெஞ்சினால் 'நாளைக்குடா' என்ற காலம் போயிற்று. இப்போது கூடத்தை மூணு சுற்று வருகிறது யானை, தொப்பையோடு!