முதுகு

அம்மா வீட்டு முருங்கையில் ஆப்பிரிக்கப் பெருநத்தை ஏறியிருந்தது. விடியுமுன் டார்ச்சும் உப்புத்தண்ணீர் வாளியுமாக அம்மா பொறுக்கத் தொடங்கிவிடுவாள். பப்பாளிக் கன்று, கீரைப்பாத்தி எதையும் அது விட்டுவைக்கவில்லை. 1847இல் வில்லியம் பென்சன் மொரீஷியஸிலிருந்து கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்தது. புகுந்த இடத்தில் இப்படி வாழ்வதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும்.

மகளோடு நான் வந்து சேர்ந்து அப்போது பத்து நாள்.

"இதப் பாரு, போற இடத்துக்கெல்லாம் வீட்டத் தூக்கிட்டுப் போவுது. நீ விட்டுட்டு வந்து நிக்கிற" என்றாள் அம்மா, வாளியைப் பார்த்தபடி.

விலங்கியல் சொல்லித்தருகிறவள் நான். வாய் சும்மா இருக்கவில்லை. ஓடு நத்தைக்கு வீடில்லை, உடம்பு. சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்து அதுவே வளர்த்துக்கொள்வது. தசையோடு ஒட்டியிருப்பதைப் பிய்த்தால் செத்துப்போகும். நான் விட்டுவந்த வீட்டில் என்னுடையதாக ஒட்டியிருந்தது கடன் தவணையில் பாதி மட்டும்தான். பத்திரத்தில் என் பெயர்கூட இல்லை. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருக்கும், முட்டையிடுவது யாரென்ற சண்டையே கிடையாது என்றும் சொன்னேன்.

"அப்ப சமைக்கிறது யாரு?" என்றாள்.

சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பில்தான் மற்றதையும் சொல்ல முடிந்தது.

அழுங்கு என்கிற எறும்புதின்னியைச் சொன்னேன். நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின்தான் அதன் செதில். பெரும்பாலும் ஒரே குட்டி. தாயின் வால்மேல் சவாரி செய்யும். ஆபத்தென்றால் குட்டியை வயிற்றுக்குள் வைத்துச் சுருண்டுகொள்ளும். சிறுத்தை கடித்தாலும் பிரிப்பது கடினம். ஆனால் மனிதன் துரத்தக்கூட வேண்டாம். குனிந்து எடுத்துச் சாக்கில் போட்டுக்கொள்ளலாம். எட்டு வகை எறும்புதின்னிகளின் சர்வதேச வணிகத்தையும் 2016இல் தடைசெய்ய முடிவெடுத்தார்கள். சாக்குகள் ஓயவில்லை. பல்லுக்கு எதிராக வந்த பழக்கம், கைக்கு என்ன செய்யும்?

ஏன் இத்தனை வருஷம் பொறுத்தாய் என்று படித்த தோழிகளே கேட்டார்கள். அடுக்களைத் தரையில் நானும் அப்படித்தான் சுருண்டுகொள்வேன், மகள் உள்ளே. அடி முதுகோடு போகும், அவள்மேல் படாது என்பது என் கணக்கு. ஒரு ராத்திரி அவன் குனிந்து, அடியிலிருந்து அவள் காலைப் பிடித்து இழுத்தான். காலையில் பஸ் ஏறிவிட்டோம்.

அம்மா வாளியைக் கீழே வைத்தாள். டார்ச் வெளிச்சம் முருங்கையிலிருந்து என் பக்கம் திரும்பியது.

"முதுகக் காட்டு" என்றாள்.