ஹோயா: பூ உதிரட்டும், காம்பு இருக்கட்டும்

வீட்டுக்குள் கொடி என்றாலே பலருக்கு மணிபிளாண்ட்தான். பாட்டிலில் தண்ணீர் ஊற்றிச் சொருகினால் போதும், அது பாட்டுக்குப் படரும். ஆனால் அது வீட்டுக்குள் பூத்துப் பார்த்தவர் யார்? படரவும் வேண்டும், பூக்கவும் வேண்டும், அதுவும் ஜன்னலோரத்திலேயே என்பவர்களுக்கு ஏற்றது ஹோயா.

பூ அசல் மெழுகு பொம்மை மாதிரி இருக்கும். ஒரே காம்பின் நுனியில் இருபது முப்பது குட்டி நட்சத்திரங்கள் பந்து போலக் கூடித் தொங்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் இன்னொரு நட்சத்திரம். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? பிள்ளையாருக்கு மாலை கட்டும் எருக்கம்பூவை நினைத்துக் கொள்ளுங்கள். இரண்டும் ஒரே குடும்பம். கிள்ளினால் பால் வருவதும் அதே போலத்தான். வாசனை மட்டும் வேறு, இருட்டிய பிறகுதான் தூக்கலாக வரும்.

பெயருக்கும் ஒரு கதை உண்டு. லண்டன் பக்கம் சயான் ஹவுஸ் என்று ஒரு பிரபுவின் மாளிகை. அங்கே தோட்டக்காரராக இருந்தவர் தாமஸ் ஹோய். தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் 1810-ல் இந்தச் செடிக்கு வைத்தது பிரபுவின் பெயரை அல்ல, தோட்டக்காரரின் பெயரை!

ஹோயா பெரும்பாலும் காட்டு மரங்களின் மேல் தொற்றி வளர்வது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. மரக்கிளையில் தண்ணீர் தேங்காது. எனவே தொட்டியிலும் தேங்கக்கூடாது. தேங்காய் மட்டைத் துண்டு, கரித்துண்டு கலந்த லேசான கலவை, சின்னத் தொட்டி, நல்ல வெளிச்சம். மண் காய்ந்த பிறகே தண்ணீர். பாசத்தில் தினமும் ஊற்றினால் வேர் அழுகிவிடும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. காதலர் தினத்தை ஒட்டி, இதய வடிவில் ஒற்றை இலையைக் குட்டித் தொட்டியில் நட்டு விற்பார்கள். அது ஹோயா கெர்ரி. அந்த இலை வேர் விடும், வருஷக்கணக்கில் பச்சையாகவும் இருக்கும். ஆனால் இலையோடு தண்டின் கணு சேர்ந்து வராவிட்டால் கொடி வரவே வராது. வாங்கியவர் "இன்னும் வளரலையே" என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார் பாவம். கணு உள்ள தண்டாகப் பார்த்து வாங்குங்கள்.

சின்னத் தண்டு பூக்க இரண்டு மூன்று வருஷம் ஆகலாம். நடுவில் இலையே இல்லாமல் நீளமாக ஒரு குச்சி நீட்டும். அசிங்கமாக இருக்கிறதே என்று வெட்ட வேண்டாம், இலை பின்னால் வரும். மொட்டு வைத்தபின் தொட்டியை இடம் மாற்றவும் வேண்டாம், கோபித்துக்கொண்டு மொட்டை உதிர்த்துவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், பூ உதிர்ந்த பிறகு நிற்கும் மொட்டைக் காம்பு. பார்த்தால் காய்ந்த குச்சி போல இருக்கும், கத்தரிக்கோலை எடுக்கத் தோன்றும். ஆனால் அடுத்த பூங்கொத்து பெரும்பாலும் அதே காம்பில்தான் வரும். காமர்ஸ் பாஷையில் சொன்னால் பூ வருமானம், காம்பு மூலதனம். ரோஜாவுக்கு வெட்டிப் பழகிய கை, ஹோயாவிடம் மட்டும் கொஞ்சம் சும்மா இருக்க வேண்டும்.

சும்மா இருப்பதுதான் கஷ்டம். ஆனால் ஹோயா கேட்கிற வேலையில் பாதி அதுதான்!