அம்மா சொன்ன பேட்டரி பாடம்!

ஹைபிரிட் கார் வாங்கிய முதல் மாதம், என் கண்கள் ரோட்டில் இருந்ததைவிட டேஷ்போர்டில் இருந்ததுதான் அதிகம். பேட்டரியில் எத்தனை கோடு இருக்கிறது என்று பார்ப்பதே வேலையாகிவிட்டது. ஒரு கோடு குறைந்தால் மனசு பதறும். ஏறினால், ஏதோ நானே சம்பாதித்த மாதிரி சந்தோஷம். செல்போன் சார்ஜைப் பார்த்துப் பார்த்துப் பழகிய புத்தி, வேறென்ன!

சேலத்திலிருந்து அம்மாவை ஏற்காட்டுக்கு அழைத்துப் போனேன். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலை ஏறுவதற்குள் கோடுகள் மளமளவென்று இறங்கி இரண்டுக்கு வந்துவிட்டன. பயந்துபோய் ஏசியை அணைத்தேன். பின் சீட்டில் இருந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வளைவில் மேலிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. நான் அப்போதும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று ஒடித்து ஓரம் கட்டி நிறுத்தியபோது கை நடுங்கியது.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, ''ஏன்டா, அந்தப் பொட்டியைப் பார்க்கவா காரு வாங்கினே?'' என்றார். சர்க்கரை நோயாளி. 76 வயது. வேர்த்துக் கொட்டியிருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

இறங்கும்போது நடந்தது இன்னொரு வேடிக்கை. பிரேக் பிடிக்கப் பிடிக்கக் கோடுகள் தானாகவே ஏறின. முக்கால் மலை இறங்குவதற்குள் முழுசாக நிரம்பி, இன்ஜின் 'உர்'ரென்று உறும ஆரம்பித்தது. அதற்கும் பயந்தேன்!

சர்வீஸுக்கு விட்டபோது அங்கிருந்த தம்பியிடம் புலம்பினேன். சிரித்துவிட்டார். ''மாடித் தொட்டிக்கு ஆட்டோமேட்டிக் மோட்டார் போட்டுட்டு, மணிக்கொரு தடவை ஏறி எட்டிப் பார்ப்பீங்களா சார்? இதுவும் அப்படித்தான். பேட்டரியை அடிவரைக்கும் காலியாகவும் விடாது, விளிம்பு வரைக்கும் நிரப்பவும் விடாது. குறைஞ்சா இன்ஜின் தானா ஓடி ஏத்திக்கும். நிரம்பிட்டா, மேற்கொண்டு ஏத்த இடமில்லாம இன்ஜினை வெச்சே வேகத்தைக் குறைக்கும். அந்தச் சத்தம்தான் அது'' என்றார்.

பிறகு பின் கதவைத் திறந்தவர், சீட்டின் பக்கத்தில் இருந்த சின்ன ஜன்னல் போன்ற காற்றுத் துளையைக் காட்டினார். பேட்டரி சூடாகாமல் இருக்கக் காற்று போகும் வழி அது. அதன் மேல் அம்மாவின் துணிப்பை ஏற்காட்டிலிருந்தே சாய்ந்து கிடந்தது! திரையை நூறு தடவை பார்த்த நான், இதை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

புதிதாக வாங்கியவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அந்தத் துளையை அடைக்காதீர்கள். பேட்டரி இருக்கிறதே என்று பெட்ரோல் வற்றும்வரை ஓட்டாதீர்கள். நியூட்ரலில் போட்டு நெடுநேரம் நிற்காதீர்கள். அப்போது பேட்டரி சார்ஜ் ஏறாது. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் உடனே காட்டுங்கள். கோடுகளைப் பார்க்க ஆசையா? சிக்னலில் நிற்கும்போது பாருங்கள்.

போன வாரம் மறுபடியும் ஏற்காடு போனோம். கோடு எத்தனை இருந்தது என்று எனக்குத் தெரியாது. வழி முழுக்க ஏசி ஓடியது. பின் சீட்டில் அம்மா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார்.