ஒரு பழைய விளையாட்டு கரை மாறிய கதை

ஒரு கருவிக்காக எழுதப்பட்ட கணினி விளையாட்டை வேறொரு கருவியில் ஓடும்படி மாற்றி அமைப்பதை ஆங்கிலத்தில் போர்ட்டிங் என்கிறார்கள். பிரெஞ்சில் அதற்குப் போர்த்தாஜ் என்று பெயர். பள்ளியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் இன்னொரு பொருளும் நினைவுக்கு வரும். ஓர் ஆற்றிலிருந்து அடுத்த ஆற்றுக்குப் போக, நடுவில் தண்ணீர் இல்லாத தரையில் தோணியையும் சரக்கையும் தோளில் சுமந்து நடப்பதற்கும் அதே சொல்தான். தோணி உடையக் கூடாது, சரக்கும் சிந்தக் கூடாது. வேலையின் கஷ்டம் முழுவதும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

அப்படிப் பல கரைகள் தாண்டிய விளையாட்டு ஒன்று உண்டு. பெயர் 'அனதர் வேர்ல்ட்'. பெயர்தான் ஆங்கிலம், பிறந்தது பிரான்ஸில். எரிக் ஷாஹி என்பவர் ஏறக்குறைய தனி ஆளாக இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்து செய்தது. இசை மட்டும் ழான்-பிரான்சுவா ஃபிரெய்தாஸ் அமைத்தார். 1991-ல் டெல்ஃபின் சாஃப்ட்வேர் நிறுவனம் இதை அமிகா, அட்டாரி எஸ்டி கணினிகளுக்காக வெளியிட்டது.

கதை எளியது. லெஸ்டர் என்ற இயற்பியல் விஞ்ஞானி இரவில் தன் ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை நடத்துகிறார். மின்னல் தாக்குகிறது. வேறோர் உலகத்தில் போய் விழுகிறார். அங்கே அவருடன் கூண்டில் அடைபட்ட வேற்றுலகத்தான் ஒருவன் நண்பனாகிறான். அவன் பேச்சு இவருக்குப் புரியாது. கையசைவும் பார்வையும்தான் பாஷை. திரையில் புள்ளிக் கணக்கும் கிடையாது, எத்தனை உயிர் மிச்சம் என்ற கணக்கும் கிடையாது.

என் பேரன் இதை ஸ்விட்ச் என்ற கையடக்கக் கருவியில் ஆடுகிறான். அந்தக் கருவி சந்தைக்கு வந்தது 2017-ல். அமிகாவோ எப்போதோ கடையை விட்டுப் போய்விட்டது. அதற்கென்று எழுதிய விளையாட்டு இதில் எப்படி ஓடுகிறது?

விடை ஷாஹியின் முன்யோசனையில் இருக்கிறது. அவர் விளையாட்டை நேராக அமிகாவின் மொழியில் எழுதவில்லை. கற்பனையாக ஒரு சிறு இயந்திரத்தை வகுத்துக்கொண்டார். கதவு திறப்பது, காவலாளி சுடுவது, லெஸ்டர் ஓடுவது எல்லாவற்றையும் அந்தக் கற்பனை இயந்திரத்துக்கான கட்டளைகளாக எழுதினார். உண்மையான கணினிக்குள் ஒரு துபாஷி உட்கார்ந்து அவற்றைப் பெயர்த்துச் சொல்லும். புதுக் கருவி வந்தால் கதையைத் தொட வேண்டாம். துபாஷியை மட்டும் மாற்றினால் போதும்.

படங்களும் அப்படித்தான். ஒவ்வோர் அசைவையும் முழுப் படமாக வைத்தால் நினைவகம் கொள்ளாது. ஆகவே உருவங்களைப் பலகோண வடிவங்களாக்கி, மூலைகள் எங்கெங்கே என்ற எண்களை மட்டும் சேமித்தார். அன்று இடத்தை மிச்சப்படுத்தச் செய்த சிக்கனம் பிற்காலத்தில் பெரிய வரமாயிற்று. 320-க்கு 200 புள்ளிகள் கொண்ட பழைய திரைக்கு வரைந்த உருவத்தை எவ்வளவு பெரிய திரையிலும் விளிம்பு சிதையாமல் வரையலாம்.

ஆனாலும் எல்லாக் கரையும் சுலபமாக அமையவில்லை. சூப்பர் நின்டெண்டோ கருவி, சிறு சதுரத் துண்டுகளை அடுக்கிப் படம் காட்டுவதற்கென்றே அமைந்தது. பலகோணம் நிரப்புவது அதன் மெதுவான செயலிக்குப் பெரும் பாரம். அமெரிக்காவின் இன்டர்ப்ளே நிறுவனத்துக்காக ரெபெக்கா ஹைன்மன் அந்தப் பாரத்தைச் சுமந்து, 1992-ல் ஓட வைத்தார்.

அப்போதுதான் ஒரு தகராறு. முன்கதைக் காட்சியின் இசையை மாற்ற வேண்டும் என்றது இன்டர்ப்ளே. ஷாஹி சம்மதிக்கவில்லை. மூல இசையை அப்படியே வையுங்கள் என்று எழுதிய தாளை முடிவில்லாமல் சுழலும்படி ஃபேக்ஸ் கருவியில் மாட்டி அனுப்பினார். அந்தப் பக்கம் ஒரே வாக்கியம் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் முன்கதை இசை தப்பித்தது.

ஒரு சின்ன இசைத் துண்டுக்கு இத்தனை பிடிவாதமா என்று கேட்கலாம். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் பழைய பிறப்புப் பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றினார்கள். பிரெஞ்சு முறைப் பதிவேட்டில் பக்க ஓரம் முக்கியம். ஒருவர் பிறந்த பதிவின் ஓரத்தில்தான் பின்னால் அவருடைய திருமணம், மணமுறிவு, இறப்பு எல்லாம் குறிக்கப்படும். தட்டச்சுக்கு வந்தவர்கள் நடுப்பகுதியை மட்டும் ஏற்றிவிட்டு ஓரத்தை விட்டுவிட்டார்கள். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் கணினியைக் கேட்டால் எங்கள் ஊர் விதவை ஒருத்திக்குக் கல்யாணமே ஆகவில்லை. பென்ஷனுக்காக அவள் எத்தனை முறை படியேறினாள் என்பதை நான் பார்த்தேன். எது முக்கியம், எது ஓரம் என்று சுமப்பவன் தீர்மானிக்கும்போது இப்படித்தான் ஆகும்.

பின்னால் டெல்ஃபின் மூடப்பட்டது. விளையாட்டின் உரிமை ஷாஹியிடம் வந்தது. 2006-ல் பின்னணிப் படங்களைத் தெளிவாகத் திருத்தி விண்டோஸுக்குக் கொண்டுவந்தார். 2011-ல் இருபதாம் ஆண்டுப் பதிப்பு ஐபோனுக்கு வந்தது. 2014-ல் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், 3டிஎஸ் முதலியவற்றுக்கும், 2018-ல் ஸ்விட்சுக்கும் போனது. கடினத்தில் மூன்று நிலைகள் வைத்தார்கள். பழைய கடினமும் அதில் உண்டு.

இந்தப் பதிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. ஆட்டத்தின் நடுவிலேயே புதிய படத்திலிருந்து 1991-ன் கரடுமுரடான படத்துக்கு மாறிப் பார்க்கலாம். இசையிலும் பழையதைத் தேர்ந்துகொள்ளலாம். திருத்தியிருக்கிறோம், ஆனால் திருத்தியதை மறைக்கவில்லை, மூலம் இதோ பக்கத்திலேயே இருக்கிறது என்று சொல்வதுபோல. அரசு அலுவலகங்களில் 'உண்மை நகல்' என்று முத்திரை குத்துவார்களே, அதைவிட இது நேர்மையானது.

புதியவர்களுக்காக விளக்கைக் கூட்டலாம், படியைக் கொஞ்சம் தாழ்த்தலாம். அதில் தப்பில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மூலம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அந்த விதவைக்கும் அதுதான் கைகொடுத்தது. பழைய தடித்த பதிவேட்டை யாரும் எரித்துவிடவில்லை. ஓரக்குறிப்பைத் தேடி எடுத்தோம், அவள் பென்ஷன் வாங்கினாள்.