மதிலோரத்து மனிதர்

பெப்ரவரி 9

வருஷந்தோறும் பெப்ரவரி மாத நடுவில் அமெரிக்காவின் டேடோனா மைதானத்தில் ஸ்டொக் கார் பந்தயப் பருவம் ஆரம்பமாகும் வழக்கப்படி இவ்வாண்டும் அது ஆரம்பமாகவிருக்கிற இந்த நாட்களில், என் மனம் அவ்விளையாட்டின் மகாரதர்களை விட்டுவிட்டு, 2010ஆம் ஆண்டில் அந்த அந்நிய உலகத்துக்குள் ஏறக்குறைய ஏகாங்கியாகப் பிரவேசித்த கோயம்புத்தூர்த் தமிழர் நரேன் கார்த்திகேயனையே நாடிச் செல்கிறது. 2005இல் ஜோர்டான் அணியின் சார்பில் போர்முலா 1 பந்தயத்தில் ஓட்டி, அந்தப் பதவியை எய்திய முதல் இந்தியர் என்ற கீர்த்தியைப் பெற்றிருந்த அவர், அங்கே நிலையான ஆசனம் கிட்டாத காலத்தில், ஸ்டொக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் மூன்று தேசியத் தொடர்களுள் ஒன்றாகிய டிரக் தொடரில், வைலர் ரேசிங் அணியின் 60ஆம் இலக்க வண்டியை ஓட்ட ஒப்புக்கொண்டார். மேலே பிக்கப் வாகனத்தின் கூடு. உள்ளே ஸ்டொக் காருக்கே உரிய இரும்புக் குழாய்ச் சட்டகமும் எட்டு உருளை இயந்திரமும். அவ்வாண்டு நடந்த 25 பந்தயங்களில் அவருக்கு வாய்த்தவை ஒன்பதுதான்.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது கராஜில் வேலை முடித்து வந்திருந்த மருமகன், "அங்க போய்த் தோத்துப்போய்த்தானே வந்தார் மாமா?" என்றான். ஒன்பது பந்தயங்களில் ஒருவனுக்கு வெற்றி கிட்டாததைத் தோல்வி என்று கூறிவிடுவது சுலபம். ஆனால் அந்தத் தொழிலின் அந்தரங்கத்தைச் சற்றே அறிந்தவர்கள் அவ்விதம் சொல்லத் துணியமாட்டார்கள். அவனுக்கு அதை விளக்கத் தொடங்கியதுதான் இந்தக் குறிப்புகளுக்குக் காரணம்.

பெப்ரவரி 13

நரேனின் முதல் பந்தயம் 2010 மார்ச் 27ஆம் திகதி, வர்ஜீனியா மாநிலத்தின் மார்ட்டின்ஸ்வில் மைதானத்தில் நடந்தது. கடதாசிகளைக் கோத்து வைக்கும் கம்பிக் கொளுவியைப் போல நீண்டு ஒடுங்கிய அந்தப் பாதையின் சுற்றளவு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. நேர்ப்பாதைகளில் தார், வளைவுகளில் கொங்கிரீட். போட வேண்டிய சுற்றுகளோ 250. அகன்ற ஐரோப்பிய மைதானங்களில், எடை குறைந்த, சக்கரங்கள் வெளியே தெரியும் கார்களில் வளர்ந்த ஒருவர், அவற்றைப்போல இருமடங்குக்கு மேற்பட்ட பாரமுள்ள வண்டியில், முன்னும் பின்னும் பக்கத்திலும் இரும்போடு இரும்பு உரசுகிற நெரிசலில் 13ஆவதாக வந்து சேர்ந்தார் என்பது சாமானியமான காரியம் அன்று.

இங்கேதான் குழுத் தலைவர் என்று அழைக்கப்படும் மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போர்முலா 1 கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் டயரின் வெப்பம் முதல் இயந்திரத்தின் நாடித்துடிப்பு வரை யாவும் கணினித் திரைகளில் வந்து விழ, பொறியியலாளர் ஒருவர் ஓட்டுநர் வாய் திறக்கும் முன்னரே அவருடைய கஷ்டத்தைக் கண்டுகொள்ள முடிகிறது. அந்நாளைய நாஸ்கார் பந்தயத்திலோ ஓடும் வண்டியிலிருந்து அத்தகைய தகவலை அணிகள் பெறுவதற்கு அனுமதி இருக்கவில்லை. ஆதலால், முன்சக்கரம் திரும்ப மறுக்கிறதா, பின்பக்கம் வழுக்கி வெளியே ஓடுகிறதா, அது வளைவுக்குள் நுழையும்போதா, நடுவிலா, வெளியேறும்போதா என்பதையெல்லாம் வியர்வையும் இரைச்சலும் நிறைந்த அந்தக் கூட்டுக்குள்ளிருந்து ஓட்டுநர் வானொலியில் சொல்ல, வண்டிகள் உள்ளே வந்து நிற்கும் தடத்தின் மதிலோரத்தில் நிற்கும் குழுத் தலைவர் அந்த வார்த்தைகளை மாத்திரமே ஆதாரமாகக் கொண்டு பரிகாரம் காண வேண்டியிருந்தது. வண்டி உள்ளே வந்து நின்றதும், ஒருவர் நீண்ட திருகுசாவியைப் பின் கண்ணாடியிலுள்ள துவாரத்தின் வழியே நுழைத்துச் சுருள்வில்லின் அழுத்தத்தை ஒரு சுற்றோ அரைச் சுற்றோ மாற்றுவார். டயர் ஒன்றுக்கு ஐந்து நட்டுகள் வீதம் கழற்றிப் பூட்டி, எண்ணெய் நிரப்பி, அரை நிமிஷத்துக்குள் வண்டியை அனுப்பிவிடுவார்கள். அந்த அரைச் சுற்று சரியா பிழையா என்பது அடுத்த வளைவில் தெரிந்துவிடும். மருமகன் இந்த இடத்தில் வெகு நேரம் மௌனமாக இருந்தான். திருகுசாவி பிடிக்கிற கைக்கு இதன் பாரம் சொல்லாமலே விளங்கும்.

இத்தகைய சம்பாஷணை ஒரு நாளில் கைகூடுவதில்லை. ஓட்டுநர் 'கொஞ்சம்' என்று சொன்னால் அது எவ்வளவு என்று குழுத் தலைவருக்குத் தெரிய வேண்டும். அவர் 'பொறு' என்று சொன்னால் அதில் நம்பிக்கை இருக்கிறதா, வேறு வழியின்மை இருக்கிறதா என்று ஓட்டுநருக்குப் புலப்பட வேண்டும். 25 பந்தயங்களும் ஒன்றாக நின்றவர்களுக்கு வாய்க்கும் அந்தப் பரிச்சயத்தை, விட்டுவிட்டு ஒன்பது முறை ஓடியவரிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

பெப்ரவரி 21

இன்று காலை எங்கள் கடற்கரையில் கரைவலை இழுத்தார்கள். தெற்கே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி பனிப்புகாரில் பாதி மறைந்திருந்தது. அரைவட்டமாக வளைத்து இட்ட வலையின் இரு கயிறுகளையும் இரு வரிசையாக நின்று இழுக்கும்போது, ஒரு வரிசை முந்திவிட்டால் வலை கோணி, மடியை நோக்கிச் செல்லும் மீன் பக்கவாட்டில் வெளியேறிவிடும் என்பதனால், இழுப்பவர்களை வழிநடத்தும் மண்டாடி இரண்டுக்கும் நடுவில் நின்று, நீரின் நிறத்தையும் மிதவைகளின் வளைவையும் பார்த்துக்கொண்டே, துண்டை வீசி ஒரு பக்கத்தை நிறுத்தியும் மறுபக்கத்தை விரைவுபடுத்தியும் கொண்டிருந்தார். கயிறு இழுப்பவனுக்குத் தன் பக்கம் மாத்திரமே தெரியும். முழு வலையும் மண்டாடியின் கண்ணில்தான் இருக்கிறது. ஆனால் கயிறு கனக்கிறது, எங்கேயோ கல்லில் மாட்டுகிறது என்று கையால் உணர்ந்து கூவுபவன் இழுக்கிறவன்தான். அந்தக் கூவல் இல்லாவிட்டால் மண்டாடியும் குருடரே. மடி கரையேறியபோது கொஞ்சம் சூடையும் ஒரு குவியல் பாசியும்தான் இருந்தன. ஒருவரும் ஒருவரையும் நோகவில்லை. "நாளைக்கு வடக்கால தள்ளிப் போடுவம்" என்றார் மண்டாடி. கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்கள்.

மார்ட்டின்ஸ்வில் மதிலோரத்தில் நிற்பவருடைய தொழிலுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்கு அகப்படாது.

மார்ச் 2

துரதிர்ஷ்டமான பருவத்தில் ஓட்டுநருக்கும் குழுத் தலைவருக்கும் இடையிலான இந்த உறவு படும் பாட்டுக்கு உலகறிந்த உதாரணம் 2011இல் நாஸ்காரின் முதன்மைத் தொடரில் நிகழ்ந்தது. அவ்வாண்டு டொனி ஸ்டுவர்ட் என்ற ஓட்டுநர், தாமே பங்காளியாக இருந்த அணியில், டேரியன் கிரப் என்பவரைக் குழுத் தலைவராகக் கொண்டு ஓட்டி, முதல் 26 பந்தயங்களில் ஒன்றிலும் வெல்லாமல், பட்டத்தைத் தீர்மானிக்கும் கடைசிப் பத்துப் பந்தயங்களுக்குத் தகுதி பெற்றாலும் அந்த இடம் தங்களால் வீணாகத்தான் போகும் என்று ஆகஸ்ட் மாதத்தில் பகிரங்கமாகவே விரக்தியடைந்து பேசினார். பின்பு அந்தப் பத்தில் முதலிரண்டையும் அடுத்தடுத்து வென்றார். ஒக்டோபரில், அடுத்த வருஷம் உமக்கு இங்கே இடமில்லை என்று கிரப்பிடம் அறிவிக்கப்பட்டது.

அந்த அறிவிப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் செய்த காரியத்தை நினைக்குந்தோறும் எனக்கு உள்ளம் நெகிழ்கிறது. நவம்பர் 20ஆம் திகதி ஹோம்ஸ்டெட் மைதானத்தில் நடந்த இறுதிப் பந்தயத்தின் ஆரம்பத்திலேயே பாதையில் கிடந்த உலோகத் துண்டொன்று ஸ்டுவர்ட்டின் காரின் முன் கம்பிவலையைத் துளைத்துவிட, குழுவினர் அதை அடைத்து அனுப்பினார்கள். கார் வரிசையின் பின்கோடிக்குப் போயிற்று. அங்கிருந்து அவர் அன்று முந்திய கார்கள் 118 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மழை குறுக்கிட்ட அந்த நாளில், எரிபொருளை எவ்வளவு தூரம் நீட்டலாம், எப்போது உள்ளே அழைக்கலாம் என்று கிரப் கணித்தது பலித்தது. ஸ்டுவர்ட் வென்றார்; இரண்டாவதாக வந்த கார்ல் எட்வர்ட்ஸும் அவரும் 2403 புள்ளிகளுடன் சமமாக நின்றார்கள்; ஒன்றுக்கு ஐந்து என்ற வெற்றிக் கணக்கில் பட்டம் ஸ்டுவர்ட்டுக்குக் கிடைத்தது. கிரப்புக்குக் கிடைத்தது வேலை நீக்கம். மறு வருஷம் அவர் வேறோர் அணிக்குச் சென்றார்.

பட்டம் பெற்றுத் தந்தவரை வெளியேற்றியது நியாயமன்று என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம்.

மார்ச் 10

நரேனுடைய உண்மையான துரதிர்ஷ்டப் பருவம் நாஸ்காருக்குப் பிறகு, போர்முலா 1இல், 2012ஆம் ஆண்டில் வந்தது. பணபலம் குன்றிய ஹெச்.ஆர்.டி. என்ற ஸ்பானிய அணியில் இருந்த அவர், ஆண்டின் முதல் பந்தயமாகிய அவுஸ்திரேலியாவில் தகுதி நேரத்தையே எட்டவில்லை. அடுத்தது மலேசியா. மழை வலுக்கும் என்று ஊகித்து அவருடைய குழுவினர் பெருமழைக்குரிய டயர்களோடு அவரை அனுப்ப, ஏனையோர் டயர் மாற்ற உள்ளே ஓடிய குழப்பத்தில், பந்தயம் மழையால் நிறுத்தப்பட்ட வேளையில் கடைசி வரிசைக் கார் ஒன்று பத்தாம் இடத்தில் நின்றது! மதிலோரத்து மனிதர்களின் யுக்தி பலித்த அந்த அபூர்வ வேளை நீடிக்கவில்லை. பந்தயம் மீண்டும் தொடங்கிய பின் ஜென்சன் பட்டன் அவரோடு மோதினார், பிறகு செபஸ்டியன் வெட்டலின் டயர் அவர் காரில் பட்டுக் கிழிந்தது, நரேனுக்கு 20 வினாடித் தண்டனையும் கிடைத்தது. மொனாக்கோவில் 15ஆவதாக வந்ததே அந்த அணியின் ஆண்டின் சிறந்த முடிவு. நவம்பரில் அபுதாபியில் திரவ அழுத்த அமைப்புப் பழுதாகி அவருடைய கார் திடீரென வேகம் குன்ற, பின்னால் வந்த நிகோ ரொஸ்பேர்க்கின் கார் அதன் மேலேறிப் பறந்து விழுந்தது. இருவரும் காயமின்றித் தப்பினார்கள். அப்பருவத்தோடு அந்த அணியே மறைந்துவிட்டது.

மார்ச் 15

டிரக் தொடரின் 2010ஆம் ஆண்டுக்குரிய 'மிகப் பிரபலமான ஓட்டுநர்' என்ற விருது, ரசிகர்களின் வாக்கினால், ஒன்பதே பந்தயங்களில் ஓடிய நரேனுக்குக் கிடைத்தது. 2019 நவம்பரில் ஜப்பானின் பியூஜி மைதானத்தில், சுப்பர் ஜிடி அணிகளும் ஜெர்மானிய டிடிஎம் அணிகளும் சேர்ந்து ஓடிய பந்தயமொன்றை அவர் தமது 42ஆம் வயதில் வென்றார். மருமகனுக்கு இதுதான் என் பதில்.

தமிழில் விளையாட்டைப் பற்றி எழுதும் அன்பர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. நம்மவர் யாரேனும் இனி எந்தத் தேசத்துப் பந்தயப் பாதையில் ஓடினாலும், அவர் வென்றாலும் சரி, பின்தங்கினாலும் சரி, அவருடைய குழுத் தலைவரின் பெயரையும் அதே செய்தியில், அதே பந்தியில் எழுதுங்கள். அவர் அன்று எடுத்த முடிவு என்ன, அது பலித்ததா என்பதையும் கேட்டு எழுதுங்கள்.