இலை இல்லாத பந்தலில் ஈரம் காப்பவர்கள்

தேனி மாவட்டம் ஓடைப்பட்டியில் நான் போய் நின்ற திராட்சைத் தோட்டத்தில் அன்று பொட்டு நிழல் இல்லை. கல்தூணும் கம்பியுமாகப் பந்தல் நின்றது, இலைதான் இல்லை. கவாத்து நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் அண்ணாந்தபடியே கண்ணை எண்ணிக் கொடிகளை வெட்டிப் போக, பெண்கள் பின்னாலேயே குச்சிகளை அள்ளி வெளியே சுமந்தார்கள். பழைய இலையும் குச்சியும் தோட்டத்துக்குள் கிடந்தால் அடுத்த தளிருக்கும் நோய் ஏறிவிடும்.

கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் நெல்வயல்கள்தான் நினைவுக்கு வரும். இந்தப் பக்கத்துத் தோட்டங்களோ கிணற்றையும் போர்த் தண்ணீரையும் நம்பியவை. ஆனி, ஆடியில் வீசும் மேல்காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, இங்கே வறண்டு இறங்கி மண்ணை உலர்த்துகிறது.

"இலை கட்டுற வரைக்கும் கொடி குடிக்கிறத விட வெயிலு குடிக்கிறதுதான் அதிகம் தம்பி" என்றார் தண்ணீர் பாய்ச்சும் பெரியவர். விஞ்ஞானம் சொல்வதும் இதையேதான். இலை வழியாகப் போகும் நீர் விளைச்சலுக்கான செலவு. மண்ணின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் நீரால் கொடிக்குப் பெரிதாகப் பயனில்லை. பந்தல் அடர்ந்துவிட்டால் நிழலே மண்ணைக் காக்கும். கவாத்து முடிந்து தளிர் விரியும் வரையுள்ள நாட்களில்தான் இழப்பு மிகுதி. பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைத் தோட்டங்களில் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை கவாத்து உண்டு. அந்த வெற்று நாட்களும் அத்தனை முறை வந்து போகின்றன.

"தெனமும் விடுறீங்களா ஐயா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல், சொட்டுக் குழாய்க்கு அருகில் களைக்கொத்தால் கொத்திக் காட்டினார். மேலே இரண்டு விரல் கனத்துக்கு மண் வெளுத்து உதிர்ந்தது. அதற்குக் கீழே கறுத்து, பிடித்தால் உருண்டையாக நின்றது. "இந்தக் காஞ்ச மண்ணுதான் மூடி. தெனம் கொஞ்சம் கொஞ்சமா விட்டா மேமண்ணு காயவே காயாது. வேருக்கு எறங்குற மாதிரி விட்டுட்டு ரெண்டு மூணு நாள் பொறுக்கணும்."

மேல்மண் நனைந்திருக்கும் வரை வெயிலும் காற்றும் இழுக்கிற அளவுக்கு நீர் ஆவியாகும். அது காய்ந்தபின், கீழிருந்து ஈரம் ஏறிவரும் பாதை அறுந்து, இழப்பு மளமளவெனக் குறையும். ஆனால் எல்லா மண்ணுக்கும் ஒரே கணக்கு செல்லாது. மணல் பாங்கான இடத்தில் ஒரேயடியாக விட்டால் தண்ணீர் வேரைத் தாண்டிப் போய்விடும். மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குள் இத்தனையும் பார்த்து வால்வைத் திருப்ப வேண்டும்.

இழப்பை அளக்க ஆய்வாளர்கள் எளிய வழி வைத்திருக்கிறார்கள். சிறு குழாயில் மண்ணைக் கலையாமல் எடுத்து, அடியை மூடி, எடுத்த குழியிலேயே இறக்கி, நாள்தோறும் எடை போடுவார்கள். 10 சென்டிமீட்டர் வாயுள்ள குழாயில் சுமார் 8 கிராம் குறைந்தால் 1 மில்லிமீட்டர் நீர் போயிற்று என்று பொருள். ஒரு ஏக்கர் முழுக்க நனைந்திருந்தால் அது ஏறக்குறைய 4,000 லிட்டர். தரையின் ஒரு பகுதியை மட்டும் நனைப்பதால்தான் சொட்டுநீர் இவ்வளவு மிச்சப்படுத்துகிறது.

நனையும் அந்தப் பகுதியையும் மூட, சில வரிசைகளில் கரும்புத் தோகை பரப்பியிருந்தார்கள். விலக்கிப் பார்த்தேன், மண் குளிர்ந்து கிடந்தது. "கரையான் ஏறும். அப்பப்ப பெரட்டிப் போடணும்" என்றார் குச்சி சுமந்த அக்கா ஒருவர். தோகைக்கும் பரப்பும் கூலிக்கும் தோட்டக்காரர் தன் கைக்காசைத்தான் போடுகிறார்.

சொட்டுநீர் அமைக்கச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் தமிழக அரசு மானியம் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் குழாய் தண்ணீரை வேர் வரை கொண்டு சேர்ப்பதோடு சரி. அதை அங்கே தங்கவைப்பது மண்ணைக் கொத்திப் பார்க்கும் பெரியவரும் தோகையைப் புரட்டும் அக்காவும் செய்யும் வேலை. நீர்ச் சிக்கனத்துக்குச் செலவிடும்போது அந்தக் கைகளின் கூலியையும் பாசனச் செலவாகவே கணக்கில் எழுத வேண்டும்.