முந்திரி இல்லாத முந்திரிக்கொத்து

ராயகிரியில் மார்கழிக் காலை என்றால் மலைப் பக்கமிருந்து இறங்கும் குளிரும், கோயில் ஒலிபெருக்கிப் பாட்டும்தான். டிசம்பர் பிறந்துவிட்டால் ஆச்சி வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் ஒன்றும் சேர்ந்துகொள்ளும். இந்த வருடம் வாசல் வெறுமையாகக் கிடந்தது.

"ஸ்டார் எங்க ஆச்சி?"

அரையாண்டுத் தேர்வு முடிந்து, சொந்தக்காரர் துணையோடு சென்னையிலிருந்து வந்து இறங்கிய பேத்தியின் முதல் கேள்வியே அதுதான்.

"உங்கப்பனுக்கு லீவு இல்லையாம். சித்தப்பனும் வரலையாம். யாருக்குட்டி ஸ்டாரு? பலகாரமும் இந்த வருசம் வேண்டாம். சர்ச்சுக்குப் போயிட்டு வந்து ரெண்டு பேரும் சோறு பொங்கித் திம்போம்."

ஏழாம் வகுப்புப் படிக்கிற பேத்தி வாதாடவில்லை. பள்ளியில் கிறிஸ்துமஸ் வினாடி வினாவுக்காகச் சேர்த்து வைத்திருந்தது போனில் இருந்தது. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த ஆச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு குவிஸ் ஆச்சி. பேப்பர் ஸ்டாரை எங்க செஞ்சாங்க?"

"சிவகாசியிலயா?"

இல்லை. ஜெர்மனியின் நீஸ்கி என்ற ஊரில், மொரேவியன் சபையார் நடத்திய பள்ளியில், 1830-களில் கணக்குப் பாடத்துக்காகச் செய்த நட்சத்திரம் ஒன்று இன்றும் புகழ்பெற்றது. வடிவியல் புரியட்டும் என்று ஆசிரியர் செய்யச் சொன்னது அது. அந்தச் சபையின் விடுதிகளில் தங்கிப் படித்த பிள்ளைகளில் பலருடைய அப்பா அம்மா, கடல் கடந்த நாடுகளில் ஊழியம் செய்துகொண்டிருந்தார்கள். பெற்றோர் பக்கத்தில் இல்லாத அந்த அறைகளில்தான் நட்சத்திரங்கள் தொங்கின. 'ஹெர்ன்ஹூட் நட்சத்திரம்' என்ற பெயரில் இப்போதும் அவை தயாராகின்றன.

ஆச்சியின் கை நின்றது. "பெத்தவங்க பக்கத்துல இல்லாத பிள்ளையளா தொங்கவிட்டுச்சி?"

"ஆமா. அடுத்தது, கிறிஸ்துமஸ் தாத்தா யாரு?"

4-ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருக்கும் மைரா நகரத்தின் பிஷப்பாக இருந்தவர் நிக்கோலஸ். ஓர் ஏழைத் தகப்பனுக்கு மூன்று பெண்கள். வரதட்சணை கொடுக்க வழியில்லை. இரவோடு இரவாக அந்த வீட்டுக்குள் பொன் முடிச்சுகளைப் போட்டுவிட்டுப் போனாராம் நிக்கோலஸ். டச்சுக்காரர்கள் அவரை 'சின்டர்கிளாஸ்' என்றார்கள். அந்தப் பெயர்தான் அமெரிக்காவில் 'சான்டா கிளாஸ்' ஆனது.

"அங்கயும் வரதட்சணைதானா! நல்லா இருக்கு போ" என்று ஆச்சி சிரித்தார்.

பேத்திக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. வரிசையாக வாசித்தாள்.

குடில்: 1223-ல் இத்தாலியின் கிரெச்சோ கிராமத்தில், புனித பிரான்சிஸ் வைக்கோல் பரப்பி, நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்தி அமைத்தார். பெத்லகேமை நேரில் பார்க்க முடியாதவர்கள் இப்படியாவது கண்ணால் காணட்டும் என்ற ஆசை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இயேசு பிறந்த இடத்தில் மாடும் கழுதையும் நின்றதாகச் சுவிசேஷங்களில் எழுதவே இல்லை. ஞானிகள் மூன்று பேர் என்றும் இல்லை. காணிக்கை மூன்று, அதனால் ஆளும் மூன்று ஆகிவிட்டார்கள்.

வாழ்த்து அட்டை: 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்கு வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத நேரம் இல்லை. ஓவியர் ஹார்ஸ்லியிடம் படம் வரையச் சொல்லி அச்சடித்தார். ஒன்றின் விலை ஒரு ஷில்லிங்.

'சைலன்ட் நைட்' பாட்டு: ஆஸ்திரியாவின் ஓபன்டார்ஃப் ஊரில் 1818 டிசம்பர் 24 அன்று முதன்முதலில் பாடப்பட்டது. ஆர்கன் இசை இல்லை. ஒரே ஒரு கிட்டார்தான்.

கேக்: நம் பக்கத்து மாநிலத்துக் கதை. 1883-ல் தலசேரியில் மாம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரரிடம், பிரவுன் என்ற ஆங்கிலத் தோட்ட முதலாளி சீமையிலிருந்து கொண்டுவந்த பிளம் கேக்கைக் காட்டி, இதே போல் ஒன்று செய்து தரக் கேட்டார். பிரெஞ்சு பிராந்திக்குப் பதிலாக, முந்திரிப்பழமும் கதலிப்பழமும் சேர்த்து ஊறிய உள்ளூர்ச் சரக்கை ஊற்றிச் செய்தாராம் பாபு. தின்று பார்த்த பிரவுன் மேலும் ஒரு டஜன் கேட்டாராம்.

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஏட்டி, பெத்தவங்க பக்கத்துல இல்ல, சீர் குடுக்கக் காசு இல்ல, எழுத நேரமில்ல, ஊத்தப் பிராந்தி இல்ல... எல்லாமே ஏதோ ஒண்ணு இல்லாமப் போயி வந்ததுதானா?"

பேத்தி போனிலிருந்து தலையைத் தூக்கினாள். இத்தனை தகவலைச் சேர்த்தவளுக்கு அது தோன்றியிருக்கவில்லை.

"சரி, இப்ப நான் கேக்கேன். முந்திரிக்கொத்துல முந்திரி எங்க இருக்கு?"

பேத்தி யோசித்தாள். வறுத்து அரைத்த பாசிப்பயறு, வெல்லப்பாகு, தேங்காய், எள், ஏலக்காய், மேலே அரிசிமாவு. முந்திரிப்பருப்பு? "இல்லையே ஆச்சி!"

"இல்லதான். கொடிமுந்திரின்னா திராட்சை. மூணு மூணு உருண்டையா மாவுல முக்கி எண்ணெயில விட்டா, ஒட்டிக்கிட்டு திராட்சைக் கொத்து மாதிரி வரும். முந்திரி இல்லாமலே அதுக்கு அந்தப் பேரு நிக்கிதில்ல? உங்கப்பன் இல்லேன்னா கிறிஸ்துமஸ் நிக்காதாக்கும்? எந்திரி. அந்தப் பாசிப்பயறு டப்பாவை எடு."

சாயங்காலம் பரணிலிருந்து போன வருட நட்சத்திரம் இறங்கியது. ஒரு முனை கிழிந்திருந்தது. பேத்தி செய்தித்தாளை வெட்டி, சோற்றுப்பருக்கையால் ஒட்டினாள். பக்கத்து வீட்டுப் பையன் ஏறிக் கட்டிவிட்டுப் போனான். அவன் கையிலேயே ஒரு தட்டு முந்திரிக்கொத்து அவன் வீட்டுக்குப் போனது.

மறுநாள் விடியற்காலையில் அந்தத் தட்டு திரும்பி வந்தது. வெறும் தட்டாக இல்லை, மார்கழி பூஜையின் சர்க்கரைப் பொங்கலோடு.

இரவு வீடியோ அழைப்பில் மகன் தயங்கித் தயங்கிக் கேட்டான், "அம்மா, ஒண்ணும் செய்யலையா இந்த வருசம்?"

ஆச்சி போனை வாசலைப் பார்த்துத் திருப்பினார். செய்தித்தாள் ஒட்டுப் போட்ட முனையோடு நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது.

"செஞ்சாச்சி. உனக்கும் ஒரு டப்பா எடுத்து வச்சிருக்கேன். பிள்ளை திரும்பி வரும்போது குடுத்து விடுதேன்."